இடைகழிக்குப் பத்துக் கல்

என் சொந்த வீட்டுக் கூடத்தின் நிலைப்படியில், கழற்றிய செருப்பைக் கையில் ஏந்தியபடி, உள்ளே காலெடுத்து வைக்க இயலாமல் நான் நின்றுகொண்டிருந்தேன். மாலை வெயில் மேற்குச் சன்னல் வழியாகச் சாய்ந்து, புதிதாக ஒட்டியிருந்த டைல்ஸ் கற்களின்மேல் பளபளத்தது. ஈரச் சிமெண்ட்டின் வாடையும் கல் அறுத்த வெள்ளைத் தூசியும் ஒருங்கே மூக்கில் ஏறின.

கொத்தனார் அந்தோணி இரண்டு வரிசைகளை ஒட்டி முடித்து, இணைப்புகளில் செம்பழுப்புப் பவுடரைக் குழைத்து அடைத்து, மாதிரி காட்டுவதற்காகத் துடைத்து வைத்திருந்தார்.

"நேத்துப் போட்டது ஐயா, நல்லா இறுகிருச்சு. தைரியமா மிதிச்சு வாங்க."

மிதிப்பதா!

"அந்தோணி, கீழ என்ன போட்டிருக்கீரு, பாரும்."

"டைல்ஸுதான் ஐயா போட்டிருக்கேன்."

"நல்லாப் பாரும்."

அவர் குனிந்து பார்த்தார். பிறகு என் நெற்றியைப் பார்த்தார். மறுபடி தரையைப் பார்த்தார். "அட கடவுளே" என்றார்.

வெள்ளைக் கல்லில் சாம்பல் நிறத்தில் நரம்போடியதுபோல ஒரு பூச்சு இருந்தது. கடையில் ஒற்றைக் கல்லாகப் பார்த்தபோது அதில் குற்றமொன்றும் தெரியவில்லை. இங்கோ நான்கு கற்கள் ஒரு மூலையில் கூடும் இடந்தோறும், இருபுறத்து நரம்புகளும் மேலிருந்து இறங்கிக் கீழே வளைந்து ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. நடுவே செம்பழுப்பு இணைப்பு நெட்டுக்குத்தாக ஓடியது. நாள்தோறும் நீராடியபின் நான் நெற்றியில் தரிக்கும் திருமண் காப்பும், அதன் நடுவே சிவந்த ஸ்ரீசூர்ணமும் அப்படியே தரையில் கிடந்தன. எண்ணினேன். ஒன்பது இடங்களில் ஒன்பது நாமம். குறுக்கே ஓடிய இணைப்புக் கோட்டை என் கண் பொருட்படுத்தவில்லை. பக்தனின் கண் தனக்கு வேண்டியதை மட்டுமே காணும்.

அளந்து பிழைத்தவன்

இந்த இடத்தில் நின்றுகொண்டே, அந்தக் கற்கள் வீட்டுக்குள் வந்த வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன்.

நான் நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சுந்தரபாண்டியத்து வயல்களிலும் தேவதானத்துத் தோப்புகளிலும் என் அளவைச் சங்கிலி படாத வரப்பு குறைவு. ஒரு சாண் நிலத்துக்காக ஒருவரையொருவர் வெட்டத் துணிந்தவர்களை, எண்ணைச் சொல்லி அடக்கிய பெருமை எனக்கு உண்டு.

சுந்தரபாண்டியத்தில் ஒருமுறை அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. சங்கிலியின் ஒரு முனையை மிதித்துக்கொள்ளும்படி அண்ணனிடம் சொன்னேன். அவர் மிகுந்த மரியாதையோடு மிதித்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் அவர் குதிகால் தம்பியின் பக்கமாக அரை அடி நகர்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. தம்பியின் மனைவிதான் வரப்பில் நின்று சத்தம் போட்டாள்.

"ஆபீசரய்யா, நெலத்த மட்டும் அளங்க. எங்க பெரிய மச்சான் குதிகாலயும் சேத்து அளக்காதிய!"

அன்றிலிருந்து அளவு விஷயத்தில் பிறரை நம்புவதில்லை என்று முடிவு செய்தேன். இந்த முடிவே பின்னாளில் என்னைக் கவிழ்த்தது.

சென்ற ஆண்டு என் மனைவி செண்பகம், எங்கள் வீட்டுக்குள்ளேயே தடுக்கி விழுந்தாள். பழைய சிவப்புச் சிமெண்ட்டுத் தரை அது. குளியலறைக்குச் செல்லும் இடைகழியின் வாயில் பெயர்ந்து ஒரு குழியாகியிருந்தது. "அதைப் பூசணுங்க" என்று அவள் பலமுறை சொல்லியிருந்தாள். நான் பலமுறை "ஆகட்டும்" என்று சொல்லியிருந்தேன். மதுரையில் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் அங்கேயே தன் தங்கை வீட்டில் தங்கியிருந்தாள். மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, "தரை மட்டமா இருக்கணும். இன்னொரு தடவை விழுந்தாங்கன்னா, அப்புறம் எழுந்து நடக்கறது கஷ்டம்" என்றார்.

அந்தச் சொல் என் நெஞ்சில் கிடந்தது. குழி என்னுடையது. விழுந்தது அவள். சனிக்கிழமை அவள் வீடு திரும்பும்முன் தரை ஆகவேண்டும்.

இருபது பெட்டி

கூடம் இருபதடிக்குப் பதினான்கு. இடைகழி பத்தடிக்கு நான்கு. ஆக முந்நூற்றிருபது சதுர அடி. இரண்டடிக்கு இரண்டடிக் கல் என்றால் எண்பது கற்கள். பெட்டிக்கு நான்கு வீதம் இருபது பெட்டி. மீதியே இல்லாமல் வகுபட்ட அந்தக் கணக்கைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. எம்பெருமான் திருவுள்ளம் இல்லாமல் ஒரு கூடமும் இடைகழியும் இவ்வாறு பொருந்தி வருமா?

அந்தோணி பக்கத்திலுள்ள மடவார் வளாகத்துக்காரர். முப்பது ஆண்டாகக் கொத்து வேலை செய்கிறவர். "இருபத்திரண்டு பெட்டி எடுத்திருங்க ஐயா. வேஸ்டேஜ் போகும்" என்றார். மதுரையிலிருந்து செண்பகமும் தொலைபேசியில் சொன்னாள்.

"அந்தோணி எம்புட்டுச் சொல்லுதாரோ அம்புட்டு வாங்குங்க. உங்க சங்கிலியத் தூக்கிக்கிட்டுக் கடைக்குப் போகாதிய."

இராஜபாளையத்தில், எனக்குப் பழக்கமான ராஜு என்பவரின் டைல்ஸ் கடைக்குப் போனேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். "ரண்டி சாமி, ரண்டி" என்று வரவேற்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் இருபது என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பத்துக்கு ஒண்ணு சேத்து வாங்கணும் சாமி. வெட்டுறதுல போகும், ஒடையிறதுல போகும். ஒரே லாட்டுல இப்ப இருபத்து மூணு பெட்டி இருக்கு. தீந்து போச்சுன்னா இதே நெறம் அமையாது."

"உடையும்னு முன்கூட்டியே வாங்கறது, உடையட்டும்னு வேண்டிக்கறதுக்குச் சமம்" என்றேன்.

"கோயில்ல புளியோதரை போடையில, வாரவங்களுக்கு மேல ரெண்டு படி சேத்துத்தான போடுறீங்க?"

"அது பிரசாதம்."

"இது தரை. ரெண்டுல எது கொறஞ்சாலும் ஏச்சு வாங்கப் போறது நீங்கதான் சாமி."

நான் அசையவில்லை. உலகளந்த பெருமாளை விடியற்காலையில் சேவிக்காமல் பச்சைத் தண்ணீரும் பருகாதவன் நான். இரண்டு அடிகளில் மண்ணும் விண்ணும் முடிந்துபோய், மூன்றாம் அடிக்கு இடமில்லாமல் அவன் காலைத் தூக்கிக்கொண்டு நின்ற கோலத்தைப் பாடும் பாசுரங்களை மனப்பாடமாகச் சொல்வேன். அளக்கப் போய் முதன்முதலில் தரை போதாமற்போனது அங்கேதான் என்பது மட்டும் அன்று எனக்குத் தோன்றவில்லை. அவனுக்கே குறைந்தது. எனக்குக் குறையாது என்று நினைத்திருக்கிறேன்.

வண்டியிலிருந்து பெட்டிகள் இறங்கியதும் அந்தோணி எண்ணினார்.

"இருபத்திரண்டு சொன்னேனே ஐயா?"

"கணக்கு இருபதுதான்."

"கணக்கு உங்களுக்குத் தெரியும் ஐயா. கல்லுக்குத் தெரியணுமே" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார். மறுநாள் நான் மதுரைக்குப் போய்ச் செண்பகத்தைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பினேன். திரும்பிய இடத்தில்தான் செருப்பும் கையுமாக நின்றேன்.

நான்கு கற்கள் கூடும் இடம்

"கோவப்படாதிய ஐயா. கல்லத் திருப்பிப் போட்டாச் சரியாப் போகும்" என்றார் அந்தோணி. பெட்டியிலிருந்து நான்கு புதுக் கற்களை எடுத்து, முற்றத்தில் சும்மா பரப்பி, ஒவ்வொன்றையும் கால்வட்டம் திருப்பி வைத்தார். நாமம் கலைந்தது. நான் மூச்சு விட்டேன்.

அந்தோணி மட்டும் நிமிரவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை மெல்ல அவிழ்த்தார்.

"ஐயா, இப்ப எனக்கு மிதிக்க மனசு வரல."

இணைப்புகள் நெடுக்கும் குறுக்குமாக ஒரு சிலுவை. அதைச் சுற்றி நான்கு கற்களின் நரம்புகளும் கூடி ஒரு வட்டம்.

"எந்தத் தரையிலயும் இணைப்பு சிலுவை மாதிரிதானய்யா இருக்கும்?" என்று கேட்டேன்.

"வெறும் ஜாயிண்ட்டுன்னா மிதிச்சுட்டுப் போயிருவேன். இதுக்குச் சுத்தி ஒளிவட்டமுல்லா இருக்கு!"

ஒன்பது நாமங்களுக்காக வாசலில் நின்றவன், ஒரு சிலுவைக்காகத் தயங்கியவரை என்ன சொல்லிக் கடிந்துகொள்வது? இருவரும் முற்றத்தில் குந்தி உட்கார்ந்து அந்த நான்கு கற்களையும் பார்த்துக்கொண்டிருந்தோம். கொசு கடித்தது. பிறகு அந்தோணி எழுந்தார்.

"நாலு கல்லு ஒரே எடத்துல சேந்தாத்தான் உங்க சாமியும் வாரார், எங்க சாமியும் வாரார். சேர விடாமப் பண்ணிருவோம்."

செங்கல் சுவர் கட்டுவதுபோல, ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசைக் கல்லின் நடுவில் முட்டும்படி மாற்றி மாற்றி ஒட்டுவது அவர் யோசனை. நான்கு மூலைகள் எங்குமே கூடா. இவ்வளவு சமயப் பொறையோடு போடப்பட்ட தரை எங்கள் தெருவில் வேறு இல்லை.

"ஆனா ஒண்ணு விட்டு ஒரு வரிசைக்கு அரைக் கல்லுல ஆரம்பிக்கணும். வேஸ்டேஜ் கூடும் ஐயா."

"அரையும் அரையும் சேந்தா ஒண்ணு. எப்படிக் கூடும்?" என்றேன். அந்தோணி உளியைத் தேடப் போனார்.

மேற்குச் சுவர்

ஒட்டிய இருபது கற்களைப் பெயர்த்தெடுக்கும் வேலை மறுநாள் காலையில் தொடங்கியது. இறுகிவிட்ட கல்லைப் பெயர்க்கும்போது அது முழுதாக வருவதும் துண்டாக வருவதும் அதன் விருப்பம். ஒவ்வொன்று உடையும்போதும் நான் "கோவிந்தா" என்றேன். அந்தோணி "சேசுவே" என்றார். ஐந்து முறை இவ்வாறு இருவரும் சேர்ந்து பிரார்த்தித்தோம்.

அரைக் கல்லுக்காக அறுத்ததில் இரண்டு, கட்டரின் வாயிலேயே விரிசல் விட்டன. அரையும் அரையும் ஒன்று என்பது நிலத்துக்குப் பொருந்தும். நிலம் விடாமல் ஓடும் ஒரே பரப்பு. கல்லோ துண்டு. அறுத்தால் அதற்கு வலிக்கிறது.

பிறகு வந்ததுதான் என் வாழ்நாளின் பெரிய அவமானம். வரிசைகள் மேற்குச் சுவர்ப் பக்கம் நெருங்க நெருங்க, கடைசியில் ஓர் இடைவெளி தோன்றியது. முதல் வரிசையில் நூலளவு, அடுத்ததில் விரலளவு. ஏழாவது வரிசையில் மூன்று அங்குலம்.

அந்தோணி டேப்பை என் கையில் கொடுத்தார். நானே அளந்தேன். ஒரு பக்கம் இருபதடி. எதிர்ப்பக்கம் இருபதடி மூன்று அங்குலம்.

என் தந்தையார் கட்டிய வீடு. நான் தவழ்ந்த கூடம். ஊரார் நிலத்தையெல்லாம் நாற்புறமும் அளந்தவன், சொந்த வீட்டில் ஒரு பக்கத்தை மட்டும் அளந்து, அடுத்ததும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிட்டேன். கூடம் செவ்வகமே இல்லை. அந்தக் கோணலை மூடச் சீவல் சீவலாக அறுத்ததில் இன்னும் இரண்டு கற்கள் போயின.

"யாருகிட்டயும் சொல்லமாட்டேன் ஐயா" என்றார் அந்தோணி, மிகுந்த பரிவோடு. இப்போது நானே அச்சில் சொல்லிவிட்டேன்.

கடைசியாக ஒரு கல். மிச்சமிருப்பவற்றையாவது பத்திரமாக வைப்போம் என்று நானே தூக்கிச் சென்றபோது கை நழுவிற்று. அதற்கு அந்தோணி "சேசுவே" என்றுகூடச் சொல்லவில்லை.

ஐந்தும் இரண்டும் இரண்டும் ஒன்றும் பத்து. கூடம் நிறைந்தது. குளியலறைக்குப் போகும் இடைகழிக்கு ஒரு கல்லும் இல்லை. செண்பகம் எந்த இடத்தில் விழுந்தாளோ, அந்த இடம் மட்டும் கொத்திப் போட்ட மண்ணாக, முன்பைவிட மோசமாகக் கிடந்தது. அவள் வருவதற்கு மூன்று நாட்கள்.

கடையில் கேட்ட கேள்வி

மறுநாள் முதல் பேருந்தில் இராஜபாளையம் போனேன். ராஜு என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

"மூணு பெட்டி இருந்துச்சு சாமி. தேவதானத்துக்காரர் ஒருத்தர் நேத்துதான் மாடிப்படிக்கு ஏத்திக்கிட்டுப் போனார்."

அடுத்த லாட்டிலிருந்து ஒரு கல்லையும், நான் மடியில் கொண்டுபோயிருந்த உடைந்த துண்டையும் அருகருகே வைத்துக் காட்டினார். ஒன்று பால், மற்றது மோர். கடையில் இருந்த வெள்ளைகளையெல்லாம் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். எதுவும் ஒட்டவில்லை.

"கால் நனைஞ்சு வார எடந்தான சாமி? சொரசொரப்பா ஒண்ணு போட்டிருங்களேன்" என்று, கார் நிறுத்தும் இடங்களில் பதிக்கும் கருஞ்சாம்பல் கல்லைக் காட்டினார். மேலெல்லாம் வரிவரியாகப் புடைத்திருந்தது. யானைத் தோல் போன்ற அழகு.

எனக்கு அது பிடித்துப்போனதற்கு வேறு காரணம். சற்றே மாறிய வெள்ளையைப் போட்டால், பார்ப்பவர் எல்லாரும் கல் குறைந்துவிட்டது என்பார்கள். முற்றிலும் மாறான கறுப்பைப் போட்டால், வேண்டுமென்றே செய்ததாக நினைப்பார்கள்.

ஓரடிக்கு ஓரடிக் கல். "எத்தன வேணும் சாமி?" என்று கேட்டார்.

நாற்பது சதுர அடிக்கு நாற்பது. வாய்வரை வந்த எண்ணை விழுங்கிக்கொண்டு, "நாப்பத்தஞ்சு" என்றேன்.

ராஜு சிரிக்காமல் எழுதிக்கொண்டார். அந்தக் கண்ணியத்துக்காகவே அவர் நூறாண்டு வாழவேண்டும்.

செண்பகம் வந்தாள்

சனிக்கிழமை மாலை கார் வந்து நின்றது. செண்பகம் நான்கு கால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் நின்று கூடத்தைப் பார்த்தாள். எதிர்ச்சுவரில் மாட்டிய படங்கள் தரையில் தலைகீழாகத் தெரிந்தன. அந்தோணியும் சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு வந்து ஓரமாக நின்றிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவள் வாயிலிருந்து இது பெரிய பாராட்டு. நான் பெருமையோடு அந்தோணியைப் பார்த்தேன்.

வாக்கரை முன்னே ஊன்றினாள். அதன் ரப்பர் முனை ஓரங்குலம் வழுக்கியது.

ஓரங்குலந்தான். அவள் முகத்தில் இரத்தமே இல்லை. அந்தோணி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பாய்ந்து பிடித்தோம். மட்டமாக இருக்கிறதா என்று பார்த்தேன். நிறம் பார்த்தேன். நாமம் பார்த்தேன். வழுக்குமா என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

"கண்ணாடி மேலயா என்னய நடக்கச் சொல்லுதிய?" என்று கேட்டாள். கோபமில்லை. பயம். நாற்பதாண்டு இல்வாழ்க்கையில் அவள் குரலில் நான் கேட்டறியாதது அது.

அந்தோணி ஓடிப்போய்ச் சிமெண்ட்டுச் சாக்குகளைக் கொண்டுவந்து, வாசலிலிருந்து இடைகழிவரை விரித்தார். புதுத் தரையின்மேல் அந்தப் பழஞ்சாக்குப் பாதையில் அவளை நடத்திச் சென்றோம். இடைகழியின் கறுப்புக் கல்லில் வாக்கரை ஊன்றினாள். அசையவில்லை. அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை. வலக்காலை வைத்தாள். பிறகு எங்கள் இருவர் கைகளையும் உதறிவிட்டாள்.

"இது என்ன கல்லு?"

"கார் நிறுத்துற எடத்துக்குப் போடுறது அம்மா" என்று அந்தோணி உண்மையைச் சொல்லிவிட்டார்.

"காரே வழுக்காம நிக்கும்னா நான் நிக்க மாட்டனா?" என்று, குளியலறைக் கதவுவரை தனியாக நடந்தாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். "எந்த மகராசன் எடுத்துக் குடுத்தான் இத?" என்று கேட்டாள். அந்தோணி என்னைப் பார்த்தார். கல் குறைந்த கதையை அப்போது சொல்லும் அவசியம் எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அன்றுமுதல் எங்கள் குடித்தனம் இடைகழிக்கு மாறிவிட்டது. அவளுக்கு ஒரு நாற்காலி, எனக்கு ஒரு முக்காலி. முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு காப்பி குடிக்கிறோம். என் காலைப் பாராயணமும் அங்கேதான். மழையிரவில் ஒதுங்கி நின்ற மூன்று ஆழ்வார்களிடையே எம்பெருமான் நெருக்கத்தை விரும்பி வந்து புகுந்தது ஓர் இடைகழியில்தான் என்பது எங்கள் சம்பிரதாயம். ஆகவே எனக்கு மனக்குறை இல்லை. பார்க்க வருகிறவர்கள் கூடத்தை வியந்துவிட்டு, பிறகு வரிசையாக இடைகழிக்கு வந்து நிற்கிறார்கள்.

நாளொன்றுக்கு இருபது நடை என்று மருத்துவர் சொன்னார். இவள் நாற்பது நடக்கிறாள். நான் எதிர்முனையில், கூடத்தின் ஓரத்தில் நின்று, தவழும் குழந்தையை அழைப்பவன்போல் இரு கைகளையும் நீட்டிக்கொண்டு எண்ணுவேன்.

நேற்றுக் காலை வாக்கரைக் குளியலறைக் கதவில் சாய்த்துவிட்டு, வெறுங்கையோடு நடந்து வந்தாள். கறுப்புக் கல் முடிந்து வெள்ளைக் கல் தொடங்கும் இடத்தில் நின்றாள். குளத்துப் படியில் தண்ணீர் சில்லென்று இருக்கிறதா என்று பார்ப்பதுபோல, வலக்காலின் பெருவிரலை மட்டும் நீட்டி, பளபளக்கும் தரையைத் தொட்டுப் பார்த்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கைகளை இன்னும் நீட்டினேன்.

விரலை எடுத்துக்கொண்டாள்.

"கைய எறக்குங்க, வலிக்கப் போகுது" என்றாள். "நாளைக்கு வாரேன்."